பிரிட்ஜுக்குள் குடித்தனம்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனிதர் தபால்காரர். மற்ற எல்லோருக்கும் அவர் ‘கம்ப்ரசர்’தான். பிரிட்ஜும் குளிர்பதனக் கிடங்கும் பழுது பார்ப்பவர் என்பதால் வந்த பெயர் என்று அவர் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் ஒரு உதறல் உதறிவிட்டு அப்புறம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் அவருடைய பேச்சுக்காக வைத்த பெயர் என்பது ஊருக்கே தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை. கணவனுக்கு அவள் சத்தமில்லாமல் செய்துவந்த உபகாரங்களில் அதுவும் ஒன்று.

மீசை முளைக்கும் முன்பே ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு மீன் கிடங்கு, பால் கிடங்கு, பழக் கிடங்கு. வாழ்க்கையில் சரிபாதியை ஊரார் மீன் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகச் செலவழித்தார். வெளியே தார் உருகும் வெயிலில், கம்பளிச் சட்டையும் குல்லாயும் மாட்டிக்கொண்டு அவர் உள்ளே நடுங்கிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் அவர் மனைவி, நாலு தெரு தள்ளி, மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த வாடகை அறையில் தையல் மிஷினோடு வெந்துகொண்டிருப்பாள். மீனுக்குக் கிடைத்த கொடுப்பினை மனைவிக்குக் கிடைக்கவில்லை. விதிக்கு ஆள் பார்த்துப் பரிமாறத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்தவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். அவள் தோளில் ஈரத்துண்டு. மடியில் ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளைச் சீருடை. நெற்றியிலிருந்து சொட்டும் வேர்வை வெள்ளைத் துணியில் விழாமல் இருக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். குல்லாயைக் கழற்றாமலேயே வாசலில் நின்ற கம்ப்ரசர், எடுக்க வந்ததை இரண்டாவது தடவையும் மறந்தார்.

“உனக்கு வேர்க்காத ஒரு வீடு கட்டித் தரேன். இது சத்தியம்.”

சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும். இங்கே மிஷின் மட்டும் ஓடியது.

“கட்டுங்க. இப்போதைக்கு அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பிட்டுப் போங்க” என்றாள் அவள்.

அவர் சொன்னால் சொன்னதுதான். பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, தெருக்கோடியில் ஒரு மனையை வாங்கினார். நீளப் பக்கம் முழுக்க மேற்கே பார்த்த மனை. சூரியன் மத்தியானத்துக்கு மேல் வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதற்கென்றே அளந்து வைத்தது போன்ற இடம். மனை வாங்கும்போது மண்ணைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். வானத்தை அண்ணாந்து பார்க்கத்தான் மறந்துவிட்டார்.

வீடு கட்ட வந்த மேஸ்திரி எதற்கும் மறுத்துப் பேசாத மனிதர். அஸ்திவாரத்தைக் கூரைக்கு மேலே போடச் சொன்னாலும் “போட்டுரலாம் சார், கம்பி மட்டும் கொஞ்சம் கூட வரும்” என்பார். கம்ப்ரசருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

“வீடுன்னா என்ன மேஸ்திரி?”

“நீங்களே சொல்லிருங்க சார்.”

“பெரிய பிரிட்ஜ். அவ்வளவுதான். பிரிட்ஜ் ஏன் ஜில்லுனு இருக்கு? சுவருக்குள்ள தெர்மோகோல் இருக்கு. கதவுல ரப்பர் இருக்கு. ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது. வீட்டையும் அப்படிக் கட்டிட்டா ஏ.சி. எதுக்கு, ஃபேன் எதுக்கு? கரண்டே வேண்டாம்!”

பிரிட்ஜுக்குள் குளிரைக் கொண்டுவருவது தெர்மோகோல் அல்ல, பின்னால் இரைந்துகொண்டிருக்கும் மோட்டார்தான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை வருஷமாக அந்த மோட்டாரைக் கழற்றி மாட்டித்தான் சாப்பிட்டார். ஆனால் சொந்த வீடு கட்டுகிறவனுக்குச் சொந்தப் புத்தி அந்தச் சமயத்தில் வெளியூர் போய்விடும். திரும்பி வரும்போது வீடு முடிந்திருக்கும்.

“மிஷின் போடற இடத்துல எனக்கு ஒரு ஜன்னல் வேணும்” என்று கேட்டாள் மனைவி. வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்ட மிகச் சில விஷயங்களில் ஒன்று.

“ஜன்னலா? பிரிட்ஜுல எங்கயாவது ஜன்னல் பாத்திருக்கியா?”

“பிரிட்ஜுக்குள்ள யாரும் உக்காந்து தைச்சும் நான் பாத்ததில்ல.”

கூரியர் வண்டி ஓட்டும் அவள் தம்பி, அக்கா பக்கம் பேச வேண்டிய நேரத்தில் மாமாவைச் சீண்டினான். “மாமா, கதவைத் திறந்தா உள்ள லைட் தானா எரியுமா? மூடினா அணைஞ்சிருமா? அக்காவுக்கு எந்தத் தட்டு? மேல் தட்டா, காய்கறி டப்பாவா?”

“சிரிடா மச்சான், சிரி. கோடையில வந்து ஒரு தூக்கம் போட்டுக்கறேன் மாமான்னு கெஞ்சுவ பாரு.”

ஜன்னல் கேட்டவளுக்குக் கடைசியில் கண்ணாடிப் பட்டைகள் கிடைத்தன. உள்ளங்கை அகலம். திறக்காது. வெளிச்சம் அதன் வழியாக வருவதற்கு வரிசையில் நின்று வரவேண்டும்.

சுவர் இரட்டைச் சுவராக எழுந்தது. நடுவில் தெர்மோகோல். கூரையிலும் தெர்மோகோல், அதன்மேல் வெள்ளை ஓடு. வாசலுக்கு, இடித்துப்போட்ட பழக் கிடங்கின் கதவு வந்தது. சுற்றிலும் தடித்த ரப்பர், நடுவில் இரும்பு நெம்புகோல். அதை இழுத்துச் சாத்தினால் காது அடைக்கும். உள்ளே குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அப்போது அங்கே யாரும் இல்லாமல் இருப்பது உத்தமம்.

மாடியில் சோலார் தகடுகளும் ஏறின. அவற்றைப் பொருத்த வந்தவர் வயர் எங்கே குறைவாகப் பிடிக்குமோ அங்கே பொருத்தினார். மேஸ்திரி குழாய் எங்கே குறைவாகப் பிடிக்குமோ அங்கே தண்ணீர்த் தொட்டியை உயரத் தூக்கி நிறுத்தினார். இருவருமே சிக்கனமானவர்கள். தொட்டியின் நிழல் காலைப் பலகாரம் முடிந்ததும் முதல் தகட்டில் ஏறி, மத்தியானம்வரை ஒவ்வொன்றாக எல்லாத் தகட்டையும் நலம் விசாரித்துவிட்டு இறங்கும்.

குடிபோன முதல் சில வாரங்கள் பொற்காலம். புதுச் சுவரில் ஈரம் காயவில்லை. வெயில் காலமும் தொடங்கவில்லை. தெருவே வந்து பார்த்தது. கம்ப்ரசர் நெம்புகோலை இழுத்துக் கதவைச் சாத்தி, எல்லோரையும் உள்ளே நிறுத்தி, “பாருங்க. ஏ.சி. இல்ல. ஃபேன் ஓடல. எப்படி இருக்கு?” என்று கேட்பார். வெளியே போக வேண்டுமானால் அவர்தான் கதவைத் திறக்க வேண்டும் என்ற நிலையில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். “அடேங்கப்பா, குளிருதே!” என்பார்கள்.

பிறகு கோடை வந்தது.

மேற்குச் சுவரை வெயில் மெதுவாகத்தான் ஊடுருவியது. தெர்மோகோல் தன் கடமையைச் செய்தது, அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் உள்ளே அடுப்பு எரிந்தது. மிஷினின் மோட்டார் ஓடியது. தைத்த துணிக்கு இஸ்திரிப்பெட்டி போட்டாக வேண்டும். இரண்டு மனிதர்கள் மூச்சு விட்டாக வேண்டும். அந்தச் சூட்டுக்கு வெளியே போக வழி தெரியவில்லை. போக மனமும் இல்லை. அப்படியே தங்கி, குடும்பத்தில் ஒருவனாகிவிட்டது. சமையல் ஆவி கூரையில் முட்டி, சுவரில் வழிந்து, மூலைகளில் கரும்புள்ளியாகப் பூத்தது. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. விளக்கின் சூடும் உள்ளேயே உட்கார்ந்தது. ‘கரண்டே வேண்டாம்’ வீட்டின் மீட்டர், பழைய வாடகை வீட்டு மீட்டரை விட மும்முரமாக ஓடியது.

கம்ப்ரசர் சும்மா இருக்கவில்லை. ஆவியை வெளியேற்ற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினார். காற்று வெளியே போக வேண்டுமானால் வேறு காற்று உள்ளே வர வேண்டுமே, அதற்கு வழி எங்கே? ஃபேன் பார்த்தது. வேறு போக்கில்லாமல் குளியலறைச் சாக்கடைக் குழாய் வழியாக இழுத்தது. அன்று அந்த வீட்டில் வீசிய வாசனையைப் பற்றி இந்தக் கதையில் எழுதப்போவதில்லை. இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பார்கள்.

அவர் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“தலைவலியா?”

“மூச்சே முட்டுதுங்க.”

“கதவைச் சரியாச் சாத்தலயா? வெளிச்சூடு உள்ள வந்திருக்கும்.”

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்தது அன்று வெளியே வந்தது.

“ஊர்ல பிரிட்ஜ் வெச்சிருக்கிற அத்தனை பேரையும் திட்டுவீங்களே. ‘சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, பின்னாடி ஒரு சாண் இடம் விடுங்க, அதுக்கும் சூடு வெளிய போகணுமில்ல’ன்னு. எனக்கு எங்கங்க விட்டீங்க அந்த ஒரு சாண்?”

கம்ப்ரசர் ஓடவில்லை. உதறல்கூட இல்லை. எழுந்து போய், வாசல் கதவின் ரப்பர் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் முதன்முதலாக ஒன்று உருப்படியாகக் குளிர்ந்தது: அவர்களுக்குள் இருந்த பேச்சு.

கடைசியில் குடித்தனம் உடைந்தது துணியால். ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ், மொத்தச் சீருடையையும் வாங்கிப்போக வந்தார். அடுக்கிலிருந்து மேல் உடுப்பை எடுத்து உதறினார். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சைப் புள்ளிகள், தூவி விட்டதுபோல. அடுத்தது. அதற்கடுத்தது. முகர்ந்து பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இதைப் போட்டுட்டு நான் வார்டுக்குள்ள போனா, எனக்கே ஒரு கட்டில் போட்டுருவாங்க.”

அத்தனை வருஷத்தில் அவள் தைத்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கொதிக்கும் மாடி அறையில், வேர்வை விழாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கழுத்தே கோணிப்போகும் அளவுக்குத் தைத்தபோதும் திரும்பி வந்ததில்லை. வேர்க்காத வீட்டில் வந்துவிட்டது. அவள் அழவில்லை. ஒவ்வொரு உடுப்பையும் மறுபடி மடித்தாள். மடிப்பு கலையாமல், ஓரம் ஓரத்தோடு சேர்ந்து. அந்த மடிப்பைப் பார்த்திருந்தால் கல்லும் கரைந்திருக்கும். கம்ப்ரசர் வேலைக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் தம்பியின் கூரியர் வண்டி வாசலில் நின்றது. மிஷின் ஏறியது. துணி மூட்டை ஏறியது. பழைய மாடி அறை இன்னும் காலியாகவே இருந்தது. அதில் அவளைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது என்று வீட்டுக்கார அம்மாவுக்கே தெரியும்.

“எங்க கிளம்பிட்ட?”

“வேலைக்கு. எல்லாத்தையும் துவைச்சு, கறை போகாததைப் பிரிச்சுப் புதுசாத் தைக்கணும். சாப்பாடு தம்பிகிட்டக் கொடுத்தனுப்பறேன்.”

“எப்ப வருவ?”

“துணி காஞ்சதும்.”

துணி காய்ந்தது. தைத்தும் முடிந்தது. அவள் வரவில்லை. அடுத்த வேலையும் அங்கேயே வந்து சேர்ந்தது. யாருக்காகச் சுவருக்குள் சுவர் வைத்துக் கட்டினாரோ அவள், கம்ப்ரசர் அடியோடு வெறுத்த அந்த அடுப்பு மாடியில் குடியிருந்தாள். அவர் மட்டும் பிரிட்ஜுக்குள் தனியாக, நேற்று வாங்கி மறந்துபோன கீரைக்கட்டு மாதிரி வாடிக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம், “அவசர ஆர்டர், அவளுக்கு அங்கதான் வசதி” என்றார். கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்கலாம். ஆனால் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே! ஆகவே சாத்திக்கொண்டு மானத்தோடு வெந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு வந்த மைத்துனன், உள்ளே காலெடுத்து வைத்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

“மாமா, கெஞ்சறேன். தூங்க விடுங்கன்னு இல்ல, வெளிய விடுங்கன்னு.”

“உன் அக்கா எப்படி இருக்கா?”

“பாடிக்கிட்டே தைக்குது.”

கம்ப்ரசருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. அதைவிடக் கொடுமை, பாடவில்லை என்பதையே அவர் கவனிக்கவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாடி அறை எப்போதும்போலக் கொதித்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். கழுத்தில் வேர்வை அவளுக்கு வழிந்துகொண்டுதான் இருந்தது.

“இங்கயும் வேர்க்குதே உனக்கு.”

“வேர்க்குது. அப்புறம் காத்து வருது, காயுது. ஒரு நிமிஷம் ஜில்லுனு இருக்கு. அங்க வேர்வை காயறதுக்கே வழியில்லயே.”

கம்ப்ரசர் அவள் கழுத்தையே பார்த்தார். திரவம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அது போக இடம் வேண்டும். ஐஸ் தொழிற்சாலையில் முதல் நாள் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடமே இதுதான். எல்லாப் பிரிட்ஜும் இதைத்தான் செய்கிறது. மனைவியின் கழுத்தும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஊரிலுள்ள எல்லாக் குளிர்ப்பெட்டிகளையும் பழுது பார்த்தவர், வீட்டிலிருந்த ஒன்றைத்தான் சுற்றிலும் ரப்பர் போட்டு அடைத்து ஓடவிடாமல் செய்திருந்தார்.

தொண்டையைச் செருமினார். “ஜன்னல் எங்க வேணும்?”

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

“வந்து காட்டறேன். ஆனா நான் கோடு போடற இடத்துல வெட்டணும். நடுவுல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சீங்க, அப்படியே திரும்பி வந்துருவேன்.”

மறுநாள் அவள் துணி வெட்டும் சாக்கட்டியோடு வந்தாள். மேஸ்திரியும் வந்தார். அவள் நேராக மேற்குச் சுவருக்குப் போய், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கட்டம் போட்டாள். துணி வாங்க வருகிறவர்கள் தெருவில் வருவது அங்கிருந்து தெரியும்.

கம்ப்ரசர் பேசக்கூடாது என்று உதட்டைக் கடித்தார். முகம் சிவந்தது. உதறல் எடுத்தது. கடைசியில் வெடித்தார்.

“வேற எங்க வேணும்னாலும் போடு. அங்க வேண்டாம். சாயங்கால வெயில் மொத்தமும் அது வழியா உன் மேல விழும். வேணும்னா வீட்டையே வித்துடறேன், அந்த ஒரு சுவத்தை மட்டும் விட்ரு!”

“பேசக்கூடாதுன்னேன்.”

“பேசல. அழுறேன்.”

மேஸ்திரி ஆர்வத்தோடு வேறு பக்கம் பார்த்தார். அவள் மேற்குப் பக்கத்துக் கண்ணாடிப் பட்டையில் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். பிறகு முந்தானையால் கோட்டை அழித்தாள்.

“சரி. இந்த ஒண்ணு நீங்க சொல்றது.”

வடக்கே மிஷினுக்கு நேராக ஒரு பெரிய ஜன்னல். அதற்கு எதிரே, வீட்டுக்குள்ளிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டின் உச்சியில், சூடு ஏறி வெளியேற ஒரு சின்னது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று. படிக்கட்டு ஜன்னல் அவர் யோசனை, அடுப்பு ஜன்னல் அவள் யோசனை, வடக்கு ஜன்னலின் உயரத்துக்காக இருவரும் நெடுநேரம் சண்டை போட்டார்கள். அந்த வீட்டைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசியது அன்றுதான் முதல் தடவை. அஸ்திவாரம் போடும் முன்பு பேசியிருந்தால் சுவரை உடைக்கும் செலவு மிஞ்சியிருக்கும். ஆனால் அப்புறம் மேஸ்திரி எப்படிப் பிழைப்பார்?

“வெட்டிரலாம் சார்” என்றார் மேஸ்திரி. “கட்டும்போதே எனக்கும் தோணிச்சு, காத்து வராதேன்னு.”

“தோணிச்சுன்னா சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கலயே சார்.”

சுவர் வெட்டுப்பட்ட அன்று தெர்மோகோல் உருண்டைகள் தெரு முழுக்கப் பறந்தன. எதிர்வீட்டுக் கொடித்துணியில் ஒட்டின. கூரியர் வண்டியிலிருந்து இறங்கிய மைத்துனன் தலையைத் தட்டிக்கொண்டே, “மாமா, எப்படியோ கடைசியில ஐஸ் கொட்ட வெச்சுட்டீங்க!” என்றான். ஒவ்வொரு உளி அடியும் கம்ப்ரசரின் நெஞ்சில் விழுந்தது. ஆனாலும் பெயர்ந்து விழுந்த தெர்மோகோலை எடுத்து மேற்குச் சுவருக்கு இன்னொரு அடுக்குப் போடலாமா என்று அவர் யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி அதன் நிழலோடு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஒரே வாரத்தில் ஒருவன் எத்தனை தடவைதான் திருந்துவான்?

ஜன்னல் சட்டம் பொருத்தவில்லை, பூச்சு வேலை பாக்கி. சுவரில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. அவள் அதற்குள்ளாகவே வண்டியிலிருந்து மிஷினை இறக்கிப் போட்டு, துணியையும், வெட்டி வைத்த காகித அளவுகளையும் மேஜையில் பரப்பி உட்கார்ந்தாள். வடக்கிலிருந்து காற்று வந்தது. வந்த காற்று படிக்கட்டு ஓட்டை வழியாகப் போவதற்கு முன், காகித அளவுகளையெல்லாம் வாரிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது. சட்டைக் கை சமையலறையில் விழுந்தது. கழுத்துப்பட்டை படியேறிப் போனது.

“ஐயோ, பிடிங்க, பிடிங்க! என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? அந்தக் கையைப் பிடிங்க!”

கம்ப்ரசர் ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, ஒரு காகிதக் கைக்குப் பின்னால் படியேறி ஓடினார். எல்லாவற்றையும் பொறுக்கி வந்து மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. வேர்த்தது. வேர்த்தது காய்ந்தது.

“அந்த மாடி அறைச் சாவி?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குக் குரல் இறங்கிப் பேசத் தெரியும் என்பது அவளுக்கே புதுச் செய்தி.

“என்கிட்டதான் இருக்கு.”

“வீட்டுக்கார அம்மாகிட்டக் கொடுக்கலயா?”

“இந்த மாசம் முடியட்டும். மத்தியானம் வெயில் ஏறினதும் இங்க எப்படி இருக்குன்னு நான் பாக்கணுமில்ல.”

“சரி.”

“கையை எடுக்காதீங்க, பறந்துரும்.”

அவர் எடுக்கவில்லை. அவள் நூலைக் கோத்துக்கொண்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ ஒரு பாட்டின் நடுவரி அவளையும் அறியாமல் உதட்டில் வந்தது. கம்ப்ரசர் அது என்ன பாட்டு என்று கேட்க வாயைத் திறந்தார். அப்புறம், அவருடைய வரலாற்றிலேயே முதன்முறையாக, மூடிக்கொண்டார்.